குடவோலையில் இடம்பெறாத வாசகர்: பேய்க்கதையும் வெகுசனப் புனைவும் குறித்த ஒரு கருத்துரை

சுருக்கம்

பேய்க்கதையும் துப்பறியும் கதையும் தமிழில் நூறாண்டுக்கும் மேலாகப் பரவலாக வாசிக்கப்பட்டு வருகின்றன. இவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பனுவலோடு நின்றுவிடுகின்றன. வாசித்தவர் கூறிய கருத்து ஆய்வுத் தரவாகக் கொள்ளப்படுவது அரிது. தமிழ் மரபில் பேய்க்கதை கேட்போரிடம் தீர்ப்பை வேண்டும் கதைவடிவமாக இருந்துள்ளது. எனவே வாசகர் தீர்ப்பைக் கருதாத ஆய்வு அவ்வடிவத்தின் ஒரு பாதியை இழந்துவிடுகிறது என்பதை, உத்திரமேரூர்ப் பகுதியின் கிராமப்புறச் சூழலை முன்னிறுத்தி இக்கருத்துரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பேய்க்கதை, வெகுசனப் புனைவு, வாசகர் கருத்து, மெய்ப்பாடு, உத்திரமேரூர், வாய்மொழித் திறனாய்வு.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் பெயரைக் கேட்டதும் ஆய்வுலகத்தார் நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதி உடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தனர். இம்முறையின் சிறப்பைப் போற்றும் நூல்கள் பல. அக்கல்வெட்டின் பெரும்பகுதி தகுதியையும் தகுதியின்மையையும் வரையறுப்பது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது வேண்டும். மந்திரப் பிராமணம் கற்றிருத்தல் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும் கல்வி மிகுந்திருப்பின் இடம் உண்டு. ஏரி வாரியத்துக்குரிய ஓலையில் பெயர் எழுதப்படாத மக்களும் அதே ஏரியின் நீரால் வாழ்ந்தனர். அவர்கள் அந்நீரைப் பற்றி என்ன கருதினர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை.

தமிழ்த் திறனாய்விலும் இத்தகைய தகுதி வரையறை ஒன்று இயங்கி வருகிறது. எவை இலக்கியம், எவர் அதைப் பற்றிப் பேசத்தக்கவர் என்னும் இரு வினாக்களுக்கும் அது விடை வகுத்துள்ளது. முதல் வினா குறித்த விவாதம் அண்மைக் காலத்தில் ஓரளவு நெகிழ்ந்துள்ளது. வெகுசனப் புனைவு பாடத்திட்டத்திலும் ஆய்வேட்டிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. இரண்டாம் வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படாமலே உள்ளது. மாத நாவல்களைப் பல்லாண்டுகளாக வாசித்து, அவற்றுள் தேர்ந்தவை இவை, தேறாதவை இவை எனத் தம்முள் பேசி வந்த கிராமத்து வாசகரின் சொல், திறனாய்வுச் சொல்லாகக் கருதப்படுவதில்லை. பேய்க்கதையைப் பொறுத்தவரை இவ்விலக்கல் அக்கதைவடிவத்தின் இயல்புக்கே முரணானது.

பேய் கேட்கும் கேள்வி

தமிழரிடையே வழங்கும் பேய்க்கதைகளுள் மிகப் பரவலானது விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம். முருங்கை மரத்தில் தொங்கும் உடலை அரசன் தோளில் சுமந்து வருகிறான். அதனுள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது. கதையின் முடிவில் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிடின் தலை வெடித்துவிடும். கதையைக் கேட்டவன் கருத்துரைத்தே ஆக வேண்டும் என்பது அங்கு கதையாடலின் விதி. பெரிய எழுத்துப் பதிப்புகளாக அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்ட இந்நூல், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்ட நூல். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் படிப்பவர் சற்று நிறுத்தினால் போதும். கேள்வி அரசனிடமிருந்து திண்ணையில் அமர்ந்திருப்போருக்கு வந்துவிடும்.

தொண்டை மண்டலத்திற்கே உரிய பேய்க்கதை பழையனூர் நீலியின் கதை. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமும் இதனைக் குறிப்பால் சுட்டுகிறது. தன்னைக் கொன்ற கணவனைத் தேடி நீலி மனித உருவில் வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து, பழையனூர் வேளாளர் 70 பேர் கூடிய அவையில் வழக்குரைக்கிறாள். அவர்கள் அவள் சொல்லை நம்பி, அவனுயிருக்குத் தம் உயிரைப் பிணை வைத்து, அவளுடன் அனுப்புகின்றனர். அவன் கொல்லப்பட, அவர்கள் தீயில் இறங்கி வாக்கைக் காக்கின்றனர். இக்கதையின் அச்சம் நீலியின் உருவத்தைக் காட்டிலும் அவையின் தீர்ப்பில் மிகுதியாக உள்ளது. நல்லோர் கூடி, நன்கு விசாரித்து, தவறான முடிவுக்கு வருகின்றனர். நீலிக்கு இழைக்கப்பட்ட கொடுமையோ உண்மை. எனவே கதையைக் கேட்பவர், அவளும் வழக்குடையவள், அவர்களும் பிழையற்றவர் என்னும் சிக்கலுக்குத் தாமே விடை தேட வேண்டியுள்ளது.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி இம்மரபை வேறொரு திசையில் கொண்டு செல்கிறது. முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி ஏவப்படுகிறாள். அவர் அஞ்சாமையால் அவள் மனம் மாறி அறங்கேட்டு, பிற சமயத்தாரோடு சொற்போரிடும் தருக்கவாதி ஆகிறாள். அச்சுறுத்த வந்த பேய் விவாதத்திற்கு உரியவளாக மாறும் இந்நிகழ்ச்சி, பேய்க்கதையையும் வாதத்தையும் தமிழ் மரபு அருகருகே வைத்துப் பார்த்ததற்குச் சிறந்த சான்று. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையிலும், சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலனின் கதை அச்சத்தோடு முடிவதில்லை. அவன் தாய் கோதமை சம்பாபதியிடம் முறையிட, உயிரும் வினையும் பற்றிய உரையாடலாக அது விரிகிறது.

இந்நான்கிலும் பேய் தோன்றும் இடத்தில் ஒரு வினாவும் தோன்றுகிறது. அச்சம் தீர்ப்பை நோக்கிச் செல்கிறது. தீர்ப்புரைக்கும் பொறுப்பில் கேட்போரும் பங்கேற்கின்றனர்.

மெய்ப்பாட்டியல் தரும் கருவி

வாசகர் கருத்தை ஆய்வதற்கு அயல்நாட்டு ஏற்புக் கோட்பாடுகளையே நாட வேண்டும் என்பதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அணங்கு என்பதில் பேய், பூதம் முதலியவற்றை உரையாளர் அடக்குவர். தற்கால வெகுசனப் புனைவின் வகைகளை இந்நான்கோடு பொருத்திப் பார்க்க இயலும். பேய்க்கதை அணங்கின்பாற்பட்டது; பாம்புக் கதை விலங்கின்பாற்பட்டது; துப்பறியும் கதை கள்வரின்பாற்பட்டது; ஊர்ப் பெரியவர், காவல்துறை, அரசியல்வாதி ஆகியோரின் அதிகாரத்தை அஞ்சும் கதை இறையின்பாற்பட்டது. பல நாவல்களில் இவை கலந்து வருகின்றன. அணங்கு எனத் தொடங்கும் கதை கள்வரில் முடிவது மிகப் பழகிய அமைப்பு.

சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் சத்துவம் என உரையாசிரியர்கள் செய்த நால்வகைப் பகுப்பு இன்னும் பயனுடையது. இன்றைய ஆய்வுகள் முதலாவதாகிய பொருளை மட்டுமே கையாள்கின்றன. கதையில் எத்தனை பேய்கள், அவை எங்கு உறைகின்றன, எவ்வாறு விரட்டப்படுகின்றன எனப் பட்டியலிடுகின்றன. வாசித்தவருக்கு மயிர்க்கூச்செறிந்ததா, விளக்கை அணைக்க அஞ்சினாரா, பாதியில் மூடி வைத்தாரா, இறுதியில் சிரித்தாரா என்பன ஏனைய மூன்றின்பாற்பட்டவை. இவற்றைப் பனுவலிலிருந்து பெற இயலாது. வாசித்தவரிடம் கேட்டே அறிதல் வேண்டும்.

அச்சில் வந்த அச்சம்

தமிழின் முதல் துப்பறியும் புனைவாகக் கருதப்படும் தானவன் பற்றிய நூலை எழுதியவர் பண்டித நடேச சாஸ்திரி. அவரே தென்னிந்திய நாட்டார் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவர். ஜேம்ஸ் பர்கெஸுடன் இணைந்து 1886இல் தமிழ், சமற்கிருதக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தவரும் அவரே. கல்வெட்டு, வாய்மொழிக் கதை, துப்பறியும் நாவல் ஆகிய மூன்றும் ஒருவர் கையில் இணைந்திருந்தன. பின்னர் இம்மூன்றும் மூன்று துறைகளாகப் பிரிந்தன. முதலிரண்டு கல்விப்புலத்தில் மதிப்புற்றன. மூன்றாவது கடைத்தெருவுக்குச் சென்றது.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கின. வை. மு. கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி இதழைத் தாமே நடத்தி, பெண் வாசகரைத் தம் நாவல்களுக்கு ஈர்த்தார். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் – வசந்த் ஆகிய பாத்திரங்கள் தோன்றின. 1969இல் ராணிமுத்து தொடங்கிய பின் மாத நாவல் என்னும் வடிவம் வேரூன்றியது. 1980களிலும் 1990களிலும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோரின் சிறுநூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. பி. டி. சாமி பேய்க்கதை மன்னன் எனவே அறியப்பட்டார். இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மக் கதைகள் இதழிலிருந்து தொலைக்காட்சிக்குச் சென்று, எழுத்தறியாதாரையும் அடைந்தன. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இவற்றுள் சிலவற்றைப் பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுத்து வெளியிட்டபோது, தமிழ்நாட்டிற்கு வெளியேயும் கவனம் கிட்டியது.

இப்பரப்பைத் தமிழ்த் திறனாய்வு அணுகிய முறை அறியப்பட்டதே. க. நா. சுப்ரமண்யம், 1959இல் எழுத்து இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா ஆகியோர் தேர்ந்த இலக்கியத்திற்கும் பொழுதுபோக்கு எழுத்துக்கும் இடையே உறுதியான எல்லை வகுத்தனர். பெருவணிக இதழ்கள் ஓங்கியிருந்த காலத்தில் புதிய எழுத்தைக் காக்க அவ்வெல்லை தேவைப்பட்டது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அவ்வெல்லை, காலப்போக்கில், எல்லைக்கு அப்பால் இருந்த வாசகரையும் சிந்தியாதவர் எனக் கருதும் பழக்கத்தை வளர்த்துவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் நாவலும் வாசிப்பும் (2002) இப்பழக்கத்திலிருந்து விலகி, உரத்த வாசிப்பிலிருந்து மௌன வாசிப்புக்கு நேர்ந்த மாற்றத்தை வரலாறாக எழுதியது. அவ்வழியில் அடுத்து எடுத்துவைக்க வேண்டிய அடி, வாசித்தவர் கூறிய தீர்ப்புகளைத் திரட்டுவது.

கிராமத்து வாசிப்புச் சூழல்

உத்திரமேரூர் வட்டம் ஏரிப் பாசனத்தைச் சார்ந்த வேளாண் பகுதி; காஞ்சிபுரத்தின் பட்டு நெசவோடும் தொடர்புடையது. இத்தகைய ஊர்களில் நூல் வந்து சேர்ந்த வழிகள் சில. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி உருவான கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் ஒரு வழி. வாடகைக்கு நூல் தரும் சிறு கடைகள் இன்னொரு வழி. நகரத்திற்கு வேலைக்குச் சென்று வருவோர் பேருந்தில் படித்து முடித்துக் கொண்டுவந்த மாத நாவல்கள் மூன்றாம் வழி. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, தைத்து, அட்டையிட்டு வீட்டில் வைத்திருந்த வழக்கமும் பரவலாக இருந்தது. ஒரு நூல் ஒருவரோடு நின்றதில்லை; தெரு முழுதும் சுற்றி, முனை மடிந்து, முதற்பக்கம் இழந்து திரும்பும்.

கைமாறிய நூல்களில் வாசகர் தம் கருத்தையும் எழுதி வைத்தனர். நூலகப் பிரதிகளைப் புரட்டியோர் இதனை நன்கறிவர். இறுதிப் பக்கத்தில் ஒருவர் அருமை என எழுதியிருப்பார். அதன் கீழ் மற்றொருவர் மறுத்திருப்பார். துப்பறியும் நாவலின் முதற்பக்கத்திலேயே கொலையாளியின் பெயரை எழுதிப் பின்வருவோரின் சுவையைக் கெடுத்த குறும்பரும் உண்டு. நூலக விதிப்படி இது குற்றம். ஆய்வாளருக்கு இது கிடைத்தற்கரிய சான்று. ஏட்டுச் சுவடியின் ஓரக் குறிப்பைப் போற்றும் தமிழாய்வு, மாத நாவலின் ஓரக் குறிப்பையும் நோக்கலாம்.

இவ்வாசகர் பேய்க்கதைக்கு வெறுங்கையோடு வருபவரும் அல்லர். மாசி மாதச் சிவராத்திரியை அடுத்து வட மாவட்டங்களின் அங்காளம்மன் கோயில்களில் நிகழும் மயானக் கொள்ளையைக் கண்டவர். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுதும் பாரதக் கூத்துப் பார்த்தவர். துகிலுரிதலின்போதும் படுகளத்தின்போதும் ஆடுவோரும் காண்போரும் ஆவேசம் கொள்வதை அருகிருந்து அறிந்தவர். உடுக்கை அடித்துப் பேயை அழைத்துப் பேசவைக்கும் சடங்கில், பேயிடம் நீ யார், எதற்காக வந்தாய், என்ன வேண்டும் எனக் கேட்பதைக் கேட்டவர். அச்சடங்கே ஒரு விசாரணை. இப்பயிற்சியோடு நாவலைத் திறப்பவர் கதையைச் சோதித்துப் பார்க்கும் ஆற்றல் உடையவர்.

வாசகர் தீர்ப்பின் மூன்று அளவைகள்

பேய்க்கதையைப் பற்றி இத்தகைய வாசகரிடையே பொதுவாக வழங்கும் பேச்சில் மூன்று அளவைகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது முறை. மந்திரவாதி வரும் காட்சி, கோயில் வழக்கம், சாவுச் சடங்கு ஆகியவை நடைமுறைக்கு ஒத்துள்ளனவா என்பதை வாசகர் நோக்குகின்றனர். அங்காளம்மன் கோயில் வழக்கத்தை வேறொரு தெய்வத்துக்கு ஏற்றிச் சொல்லும் எழுத்தாளர், நகரத்து விமரிசகரிடம் தப்பலாம். மயானக் கொள்ளைக்குப் பூங்கரகம் எடுத்த குடும்பத்தாரிடம் தப்ப இயலாது. இது நடப்பியல் குறித்த கூர்மையான அளவை.

இரண்டாவது நியாயம். பேய் ஏன் வந்தது, யாரால் கெட்டது, அது பழிவாங்குவது தகுமா என்பன பேய்க்கதை பற்றிய பேச்சில் முந்தி நிற்கும் வினாக்கள். குற்றமற்றவரைக் கொல்லும் பேயை வாசகர் ஏற்பதில்லை. தனக்குக் கொடுமை இழைத்தவனைத் தொடரும் பேய்க்கு அவர்களிடம் இரக்கம் உண்டு. பழையனூர் அவையின் வினாவே இங்குத் தொடர்கிறது. மாத நாவல்களில் பேயாக வருவோர் பெரும்பாலும் ஏமாற்றப்பட்ட பெண்களாக இருப்பதால், இவ்வளவை பாலினம் பற்றிய சமூகத் தீர்ப்பாகவும் அமைகிறது. அப்பெண் உயிரோடிருந்தபோது ஊர் என்ன செய்தது என ஒரு வாசகி கேட்கும்போது, அவர் நாவலாசிரியர் எழுப்பாத வினாவை எழுப்புகிறார்.

மூன்றாவது முடிவு. பேய் மெய்யா, மனிதச் சூழ்ச்சியா என்னும் வினாவுக்குக் கதை தரும் விடை ஏமாற்றா, நேர்மையா என்பது. சுஜாதாவின் கொலையுதிர் காலம் இவ்வகையில் மிகுதியும் பேசப்பட்ட நாவல். அறிவியல் விளக்கத்தை நாடும் கணேஷும் பேய்க்கு இடமளிக்கும் வசந்தும் நாவலுக்குள்ளேயே இரு வாசகர் தரப்புகளாக நிற்கின்றனர். விளக்கம் கூறப்பட்ட பின்னும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் விடாது கருப்பு, குலதெய்வத்தின் தண்டனை என ஊர் நம்புவதற்கும் உளவியல் விளக்கத்திற்கும் இடையே இயங்குகிறது. விளக்கத்தை ஏற்பவர் ஒருபுறமும், விளக்கத்திற்கு அப்பாலும் கருப்பு உண்டு என்பவர் மறுபுறமும் நிற்க இக்கதை இடந்தருகிறது. புதுமைப்பித்தனின் காஞ்சனையில் விளக்கமே தரப்படுவதில்லை. திறனாய்வு அதனை உயர்ந்த சிறுகதை எனப் போற்றுவதற்கு அவ்விடைவெளியும் ஒரு காரணம். விளக்கம் தந்து ஏமாற்றுவதைக் காட்டிலும் தராமல் விடுவது மேல் என மாத நாவல் வாசகர் ஒருவர் கருதுவாராயின், அவர் அதே அளவையை வேறு சொற்களில் கூறியவர் ஆகிறார். காஞ்சனையையும் பி. டி. சாமியின் கதையையும் பிரிக்கும் எல்லை எழுத்தின் தரத்தைப் பற்றியதாக இருக்கலாம். வாசிப்போரின் அறிவைப் பற்றியதாக அது ஆகிவிடக் கூடாது.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாதத்திற்கு மூன்று மறுப்புகள் எழலாம். வாசகர் விருப்பம் சந்தையால் உருவாக்கப்பட்டது, அதைத் தீர்ப்பெனக் கொள்வது விற்பனைக் கணக்கைத் திறனாய்வாக்குவது என்பது முதல் மறுப்பு. எத்தனை பேர் வாசித்தனர் என்பதும் வாசித்தவர் என்ன சொன்னார் என்பதும் வெவ்வேறு தரவுகள். பல படிகள் விற்ற நாவலைப் படித்த வாசகரே அதைப் பழித்துப் பேசுவதும் உண்டு. சந்தையின் கணக்கில் அவர் வாங்கியவர் மட்டுமே. அவருடைய மறுப்பைக் காட்டுவது வாய்மொழிப் பதிவு ஒன்றே.

இரண்டாம் மறுப்பு வலுவானது. வெகுசனப் பேய்க்கதைகளில் பெண்ணுடலைக் காட்சிப்படுத்துதல், சில சாதியினரையும் பழங்குடியினரையும் சூனியத்தோடு இணைத்தல், மனநோயைப் பேய்பிடித்தலாகக் காட்டி மருத்துவத்தைத் தள்ளிவைத்தல் ஆகிய தீமைகள் உள்ளன. வாசகர் கருத்துகளிலும் இவை எதிரொலிக்கும். ஆம், ஆதலால்தான் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். பேய் ஓட்டுதலை நம்பி நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாத குடும்பங்கள் உள்ள சமூகத்தில், அந்நம்பிக்கையைக் கதை உறுதிப்படுத்துகிறதா, கதை என்ற அளவில் வாசகர் ஒதுக்கி வைக்கின்றனரா என்பது அறிய வேண்டிய செய்தி. பனுவலை மட்டும் படித்து இரண்டில் ஒன்றை ஊகிப்பது ஆய்வாகாது. வாசகர் கருத்தைப் பதிவு செய்வது அதனைப் புகழ்வதும் ஆகாது.

எல்லா நூல்களும் ஒரே தரத்தவை என்னும் நிலைக்கு இது இட்டுச் செல்லும் என்பது மூன்றாம் மறுப்பு. மேலே கூறிய மூன்று அளவைகளும் தரம் பிரிப்பவையே. தேர்ந்தது, தேறாதது என்னும் பகுப்பை வாசகரும் செய்கின்றனர். அவர்களுடைய அளவையும் திறனாய்வாளருடைய அளவையும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு மாறுபடுகின்றன என்பதை ஒப்பிட்டால் தரம் பற்றிய விவாதம் வளம் பெறும்.

செய்யத்தக்கவை

இப்பணிக்குக் காலம் குறுகியது. மாத நாவல்கள் மலிவுத் தாளில் அச்சானவை. பழுத்து, நொறுங்கி, பழைய தாள் கடைக்குச் செல்பவை. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை அச்சுப் பிரதிகளைக் காத்து வருகின்றன. வாசித்தவரின் நினைவைக் காக்கும் நிறுவனம் அவ்வாறு இல்லை. 1970களில் இளைஞராக இருந்த வாசகர் இன்று முதியவர். இன்றைய இளையோர் பிரதிலிபி போன்ற செயலிகளில் பேய்க்கதை படித்து, அங்கேயே மதிப்பெண்ணும் கருத்தும் பதிகின்றனர். அவர்களுடைய சொற்கள் தேடினால் கிட்டும். எதிர்கால ஆய்வாளர் எளிதில் கிட்டுவதையே தமிழ் வாசகரின் கருத்தாகக் கொண்டுவிடும் இடர் உள்ளது. தறிக்குழியில் அமர்ந்தும் களத்துமேட்டில் சாய்ந்தும் படித்தவர் அக்கணக்கில் வரமாட்டார்.

தமிழ்த்துறைகள் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை மூன்று. முதலாவதாக, முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் சில வாசகரைச் சந்தித்து, எந்நூலை, எவ்வழியில் பெற்று, எங்கு, எப்பொழுது படித்தார், கதையில் எதனை நினைவில் வைத்துள்ளார், முடிவை ஏற்றாரா என்பவற்றை அவர்தம் வட்டாரச் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்து எழுத்துப்படி எடுக்கலாம். ஒப்புதல் பெறுதலும் பெயரை மறைத்தலும் இன்றியமையாதவை. இரண்டாவதாக, கிளை நூலகங்களில் கழிக்கப்படும் நூல்களை அப்புறப்படுத்தும் முன், அவற்றின் ஓரக் குறிப்புகளையும் தேதிச் சீட்டுகளையும் படமெடுத்து வைக்கலாம். ஒரு பேய்க்கதை ஓராண்டில் எத்தனை முறை வீட்டுக்குச் சென்று வந்தது என்பதை அச்சீட்டு காட்டும். மூன்றாவதாக, அரசு நூலகங்களோடு இணைந்துள்ள வாசகர் வட்டங்களில் அண்மையில் படித்த வெகுசன நூல்களைப் பற்றியும் பேச இடமளித்து, அவ்வுரையாடலை ஆவணப்படுத்தலாம். சிறப்புரைகளும் நூல் வெளியீடுகளும் நிகழும் அவ்வரங்குகளில், பேய்க்கதை படித்ததைச் சொல்ல ஒருவர் கூசாத நிலை முதலில் உருவாக வேண்டும்.

இறுதியாகக் கூறியதே கடினமானது. தாம் படிப்பது தாழ்ந்தது என்னும் எண்ணத்தைக் கல்வி வாசகரிடம் விதைத்துள்ளது. ஆய்வாளர் கேட்கச் சென்றால் திருக்குறளையும் பொன்னியின் செல்வனையும் சொல்லிவிட்டுத் தலையணைக்கு அடியில் உள்ள நூலை மறைப்பவர் பலர். வினாநிரலைக் கொடுத்து விடை பெறும் முறை இங்குப் பயன்படாது. கேட்பவரும் படித்திருக்க வேண்டும். படித்ததை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

முடிவுரை

உத்திரமேரூர்க் கல்வெட்டு, முன்பு வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் ஓலைக்கு உரியவராகக் கொள்வதில்லை. வெகுசனப் புனைவை வாசிக்காமலே அதன் வாசகரை மதிப்பிட்ட திறனாய்வும் கணக்குக் காட்டாத வாரியத்தை ஒத்தது. வேதாளத்தின் கேள்விக்கு விடை கூறியவர்கள் திண்ணையிலும் தறிக்குழியிலும் நூலகத்து மரப்பலகையிலும் இருந்தனர். இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் கூறிய விடைகளைக் கேட்டு எழுதி வைத்த பின்னரே, தமிழில் பேய்க்கதை பற்றிய ஆய்வு முழுமை பெறும்.